எல்லாவற்றையும் உடனே தெரிந்துகொள்ள வேண்டுமா?

வாசகர் கேள்வி – பதில்

"வந்து குவிவதைப் பார்த்து முடிப்பதற்குள் நாள் போய்விடுகிறது, எதையும் நின்று யோசிக்க முடியவில்லை" என்ற பொருளில் தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. இந்த முறை அந்த ஒரு பொருளுக்கே பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம்.

அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வாட்ஸ்அப்பில் முப்பதுக்கும் மேற்பட்ட குழுக்கள்: பள்ளி, வட்டாரம், பாடவாரி, சங்கம், வகுப்புப் பெற்றோர், கல்லூரித் தோழிகள், கணவர் வீட்டு உறவுகள், தெரு. சுற்றறிக்கையும் அதில்தான் வருகிறது, காலை வணக்கமும் அதில்தான். வெளியேறினால் வருத்தப்படுவார்கள். பார்க்காமல் விட்டால் ஏதாவது ஒன்று தவறிப்போகிறது. என்ன செய்வது?
– வாசகி, கோவில்பட்டி

எந்தக் குழுவை விட்டும் வெளியேற வேண்டாம். குழுக்களின் எண்ணிக்கையை விட, அவசரமானதும் அவசரமில்லாததும் ஒரே மணியை அடிப்பதுதான் உங்களைக் களைப்பாக்குகிறது. அந்த மணியைப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முக்கால் மணி நேரம் ஒதுக்கிச் செய்யுங்கள்.

முதலில் ஒரு தாளில் குழுக்களின் பெயரை எழுதுங்கள். ஒரு நாள் பார்க்காவிட்டால் உண்மையிலேயே சிக்கல் வரக்கூடியவை எவை? தலைமையாசிரியர் குழு, உங்கள் வகுப்புப் பெற்றோர் குழு, வீட்டார். பெரும்பாலும் மூன்று, நான்கைத் தாண்டாது. அவற்றில் மூன்றை மேலே பின் செய்து, தனி ஒலி வையுங்கள். மற்ற எல்லாவற்றையும் அழுத்திப் பிடித்து ஆர்கைவுக்கு அனுப்புங்கள்.

இங்கேதான் பலர் தோற்றுப்போகிறார்கள். அமைப்புகளில் சாட்ஸ் பகுதிக்குள் 'கீப் சாட்ஸ் ஆர்கைவ்டு' என்று ஒரு பொத்தான் இருக்கும். அது அணைந்திருந்தால், புதுச் செய்தி வந்தவுடனே குழு மறுபடி மேலே வந்து நிற்கும். "ஆர்கைவ் பண்ணினேன், பயனில்லை" என்பவர்களின் போனில் பெரும்பாலும் இந்தப் பொத்தான்தான் அணைந்திருக்கும். அது இயங்கினால் குழு உள்ளேயே இருக்கும். யாராவது உங்கள் பெயரைக் குறிப்பிட்டாலோ, நீங்கள் போட்ட செய்திக்குப் பதில் எழுதினாலோ மட்டும் அறிவிப்பு வரும். சக ஆசிரியர்களிடம், "அவசரம்னா என் பேரை டேக் பண்ணுங்க, இல்லன்னா ஒரு போன் போடுங்க" என்று சொல்லி வையுங்கள். வெறும் மியூட் போதும் என்று நினைத்தால் எட்டு மணி நேரம், ஒரு வாரம் ஆகியவற்றை விட்டுவிட்டு 'எப்போதும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எட்டு மணி நேர மியூட் நள்ளிரவில் முடிந்தால் அதுவே இன்னொரு தொல்லை.

அடுத்து, ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா பகுதியில் படம், ஒலி, காணொளி, ஆவணம் எல்லாவற்றின் தானியங்கிப் பதிவிறக்கத்தையும் மொபைல் டேட்டா, வைஃபை இரண்டிலும் எடுத்துவிடுங்கள். சுற்றறிக்கை பிடிஎஃப் வேண்டுமென்றால் அதை மட்டும் தொட்டு இறக்கிக்கொள்ளலாம். அதே பகுதியில் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' திறந்தால், பலமுறை ஃபார்வர்டு ஆனவையும் 5 எம்பிக்கு மேற்பட்டவையும் தனித்தனியாக நிற்கும். அங்கிருந்து அழிக்கத் தொடங்குங்கள். இரட்டை அம்புக்குறி போட்ட செய்தி என்றால் குறைந்தது ஐந்து கைகள் மாறி வந்தது என்று பொருள். அப்படிப்பட்டதை ஒரே நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மேல் அனுப்ப முடியாதபடி 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப்பே கட்டுப்படுத்தியது. அவற்றைத் திறக்காமல் விடுவதால் உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை.

இனி நேரம். பள்ளிக்குக் கிளம்பும் முன், மதிய இடைவேளை, மாலை ஆறு மணி. இந்த மூன்று முறை ஆர்கைவைத் திறந்து பாருங்கள். ஏன் மூன்று? இந்தியாவில் போன் பயன்படுத்தும் 237 பேரை வைத்து இரண்டு வாரம் நடத்திய ஆய்வு ஒன்று 2019-ல் வெளியானது. அறிவிப்புகளைத் தொகுத்து நாளுக்கு மூன்று முறை பெற்றவர்களுக்குக் கவனமும் மனநிலையும் மேம்பட்டன. அறிவிப்பே வராமல் அடைத்துவிட்டவர்களுக்கோ பதற்றம் கூடியது. "இன்று முதல் போனே தொடமாட்டேன்" என்ற சபதம் உடைவதற்கும் இந்தப் பதற்றம் ஒரு காரணம்.

கடைசியாக ஒன்று. சுற்றறிக்கைக்கென அட்மின்கள் மட்டுமே எழுதக்கூடிய தனிக் குழு ஒன்று தொடங்கலாமா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அதற்கு முன் உங்கள் வகுப்புப் பெற்றோர் குழுவில் நீங்களே இதைச் செய்து காட்டலாம். செய்தியின் முதல் வரியிலேயே "படிவம் நிரப்ப வேண்டும், கடைசி நாள் 14" என்று எழுதுங்கள். முக்கியமான தேதியைப் பார்த்த நொடியே மேசை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். நட்சத்திரமிட்டு வைத்தால் அது இன்னொரு குவியலாகிவிடும்.

ஓய்வு பெற்றவன். காலையில் போட்ட செய்தி சேனல் படுக்கும்வரை ஓடுகிறது. போர், விபத்து, கொலை. நெஞ்சு படபடக்கிறது. அணைத்தால் ஏதோ நடந்து எனக்கு மட்டும் தெரியாமல் போய்விடுமோ என்று இருக்கிறது.
– வாசகர், நாகர்கோவில்

படபடப்பை முதலில் மருத்துவரிடம் காட்டி, இரத்த அழுத்தமும் இசிஜியும் பார்த்துவிடுங்கள், ஐயா. செய்தியால்தான் என்று நாமாக முடிவு கட்டக் கூடாது.

செய்தி செய்யும் வேலை சிறியதல்ல. 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தது. அடுத்த வாரம் முழுவதும் நாளுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்தியையே பார்த்தவர்கள், சம்பவ இடத்தில் இருந்தவர்களை விடவும் கூடுதலான மன அழுத்த அறிகுறிகளைச் சொன்னார்கள் என்று 2014-ல் வெளியான ஆய்வு காட்டியது. இயல்பிலேயே பதறுபவர்கள்தான் அதிகம் பார்க்கவும் செய்வார்கள் என்ற பக்கமும் இதில் உண்டு. ஆனாலும் ஒரே காட்சி நூறு முறை ஓடும்போது, நடந்தது ஒரு முறைதான் என்பது மனத்துக்கு எட்டாமல் போகிறது.

முதல் சில மணி நேரச் செய்தி அரைகுறையானது. எத்தனை பேர், யார் காரணம், எந்த ஊர் எல்லாமே மாறும். மறுநாள் நாளிதழில் அது திருத்தப்பட்டு, முன்பின் தொடர்புடன் வரும். நாளிதழுக்கு இன்னொரு பெரிய குணம், கடைசிப் பக்கம் என்று ஒன்று இருப்பது. காலையில் நாளிதழுக்கு நாற்பது நிமிடம், மாலையில் ஒரே ஒரு அரை மணிச் செய்தி அறிக்கை. விவாத நிகழ்ச்சிகளை விட்டுவிடுங்கள். அவற்றில் புதுத் தகவல் அரிது.

ஒக்கியைக் கண்ட மாவட்டத்தில் இருக்கும் உங்களிடம் புயல் செய்தியைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டோம். புயல் உருவானபின் வானிலை ஆய்வு மையம் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை அறிக்கை தருகிறது. அந்த இடைவெளியிலேயே பாருங்கள். நடுவில் திரையில் சுழல்வது பெரும்பாலும் அதே வரைபடம்தான்.

பெட்டியை அணைத்த வீட்டின் அமைதிதான் கடினமானது. தனித்திருக்கும் பலருக்கு அந்தக் குரல் ஒரு துணை. அணைத்துவிட்டு வெறுமனே உட்கார்ந்தால் இரண்டே நாளில் கை ரிமோட்டைத் தேடும். எனவே காலை பத்து முதல் பன்னிரண்டு வரை எங்கே, மாலை நான்கு முதல் ஆறு வரை யாருடன் என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். நூலகத்தின் வாசிப்பு அறை, நடை, பழைய அலுவலக நண்பர் ஒருவருக்கு ஒரு போன். குரல்தான் வேண்டுமென்றால் வானொலியில் பாட்டு ஓடட்டும்.

குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். டெலிகிராமில் பதினோரு சேனல்கள், போன் நிறைய பிடிஎஃப்கள், யூடியூப் வகுப்புகள். நாள் முழுக்கப் படிக்கிறேன். படித்த மாதிரி இருக்கிறது, மாதிரித் தேர்வில் வரமாட்டேன் என்கிறது.
– வாசகர், மதுரை

"படித்த மாதிரி இருக்கிறது" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்த உணர்வை நம்பாதீர்கள். 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை வெளியிட்டார்கள். ஒரு பகுதியினர் ஒரு பாடத்தை நான்கு தடவை படித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒரே தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள்: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: படித்தவர்களுக்கு 40, எழுதியவர்களுக்கு 61. உங்கள் தேர்வு ஐந்து நிமிடத்தில் வரப்போவதில்லை.

முக்கால் மணி நேரத்தை இப்படிப் பிரியுங்கள். இருபது நிமிடம் ஒரு பாடம். புத்தகத்தை மூடி, வெற்றுத் தாளில் பத்து நிமிடம் நினைவில் நிற்பதை எழுதுங்கள். திறந்து, விடுபட்டதைச் சிவப்பு மையில் பத்து நிமிடம் நிரப்புங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் அந்தச் சிவப்பு வரிகளைக் கேள்விகளாக மாற்றுங்கள். அந்தக் கேள்விகளுக்கு மட்டும் மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தோராம் நாள் பதில் சொல்லிப் பாருங்கள். எங்கே தவறும்? எழுதும்போது ஒரு முறை எட்டிப் பார்த்துவிடுவீர்கள், அல்லது அழகான குறிப்பேடு தயாரிக்கத் தொடங்குவீர்கள். இரண்டை விடவும் பெரிய ஆபத்து, புதுப் பாடம் குவிகிறதே என்று ஏழாம் நாள் கேள்விகளைத் தள்ளிப்போடுவது. காலையில் பழையது முதலில், பிறகு புதியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூலங்களைக் குறைக்க வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான பள்ளிப் பாடநூல்கள், பழைய வினாத்தாள்கள், ஒரு நாளிதழ், மாதம் ஒரு நடப்பு நிகழ்வுத் தொகுப்பு. அறிவிப்புகளுக்குத் தேர்வாணையத்தின் இணையதளம் மட்டும். பதினோரு சேனல்களிலும் ஒரே நியமனமும் ஒரே விருதும் பதினோரு முறை வரும், அது படிப்பாகாது. பிடிஎஃப்களை அழிக்கப் பயமாக இருந்தால் ஒரே கோப்புறையில் போட்டு மூடிவிடுங்கள். சிவப்பு மையில் ஒரு சந்தேகம் எழுந்து, பாடநூலில் விடை கிடைக்காதபோது மட்டும் அதைத் திறக்கலாம்.

சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பணியாற்றிய எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் வகுத்த நூலக விதிகள் ஐந்தில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. நூலகத்தில் அந்த வேலையை நூலகர் செய்கிறார். டெலிகிராமில் அதைச் செய்ய ஆள் இல்லை. உங்கள் ஊரிலேயே 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. பாடநூலும் வெற்றுத் தாளுமாக அங்கே போய் உட்காருங்கள்; என்ன தேவையோ அதை நூலகரிடமே கேளுங்கள்.

எல்லோரும் படுத்தபின் பத்து மணிக்குத்தான் எனக்கென்று நேரம். ஐந்து நிமிடம் என்று போனை எடுத்தால் பன்னிரண்டாகிவிடுகிறது. என்ன பார்த்தேன் என்று கேட்டால் ஒன்றும் நினைவில்லை.
– வாசகி, திருப்பூர்

அந்த நேரம் உங்களுடையது, அதை விட்டுக்கொடுக்கச் சொல்ல மாட்டோம். நாளின் கடைசியில் மிச்சமாவதுதான் உங்களுக்கு என்று இருப்பதே இங்கே முதல் கோளாறு. எட்டரை முதல் ஒன்பது வரை கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வீட்டில் கேளுங்கள். பாத்திரத்தை அந்த அரை மணி வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

உங்களுக்கு மனவுறுதி இல்லை என்பதும் சரியல்ல. முன்பெல்லாம் இணையப் பக்கம் ஒரு இடத்தில் முடியும். "அடுத்த பக்கம்" என்று தட்ட வேண்டும். அந்த இடத்தில்தான் "போதும்" என்று தோன்றும். 2006-ல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் முடிவில்லாமல் உருளும் பக்கத்தை உருவாக்கினார். பிறகு அவரே அதற்காக வருந்திப் பேசினார். முடிவு என்பது திரையில் இல்லாததால் நீங்கள் வெளியே கட்ட வேண்டியிருக்கிறது.

சார்ஜரைச் சமையலறைக்கோ கூடத்துக்கோ மாற்றுங்கள். மற்ற எல்லாவற்றையும் விட இது ஒன்று அதிகம் உதவும். "அலாரத்துக்கு வேண்டுமே" என்பதுதான் தடை என்றால் ஒரு மேசைக் கடிகாரம் வாங்குங்கள். ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங் பகுதியின் பெட்டைம் மோடில் ஒன்பதரைக்குத் திரை கறுப்பு வெள்ளையாக மாறும்படி வைக்கலாம். செயலிக்கு நேரக் கட்டுப்பாடும் வைக்கலாம், ஆனால் அதை நீக்க இரண்டு தட்டு போதும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். ஐபோன் என்றால் ஸ்கிரீன் டைம் கடவு எண்ணைத் தங்கையிடம் போடச் சொல்லுங்கள். யூடியூபில் பார்த்தவற்றின் வரலாற்றை அழித்து, பதிவையும் நிறுத்திவிட்டால், 2023 ஆகஸ்டில் வந்த மாற்றத்தின்படி முகப்புப் பக்கம் காலியாக இருக்கும். தேடினால்தான் காணொளி வரும். எதைப் பார்க்க வந்தோம் என்று நீங்கள் சொல்லியாக வேண்டும்.

படுக்கும் முன் ஐந்து நிமிடம், நாளை செய்ய வேண்டியதைத் தாளில் எழுதுங்கள். 2018-ல் வெளியான பேய்லர் பல்கலைக்கழக ஆய்வில், மறுநாள் வேலைகளை எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களை விடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம். "வீட்டு வேலை" என்று எழுதாமல், "உளுந்து ஊறவைக்க, கரண்ட் பில் கட்ட, பாலுக்கு 420 ரூபாய் எடுத்து வைக்க" என்று எழுதுங்கள்.

விளம்பரக் குறுஞ்செய்திகளையும் அழைப்புகளையும் நிறுத்த வழி உண்டா?
– வாசகர், சேலம்

உண்டு. உங்கள் எண்ணிலிருந்து 1909-க்கு ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட்' என்று தட்டச்சு செய்து, ஒரு இடம் விட்டு 0 போட்டு அனுப்புங்கள். வங்கியின் ஓடிபியும் பணப் பரிமாற்றச் செய்திகளும் நிற்காது. அதன் பிறகும் தொல்லை வந்தால் அதே 1909-ல் புகார் செய்யலாம்.

போனை வெகுவாகக் குறைத்துவிட்டேன். நேரம் கிடைக்கிறது. ஆனால் அமைதியாக இருந்தால் பழைய சண்டைகளும் கவலைகளும்தான் வருகின்றன. சிந்தித்து வாழுங்கள் என்கிறார்களே, அதை எப்படித்தான் செய்வது?
– வாசகர், யாழ்ப்பாணம்

இந்தக் கேள்வியைக் கேட்கும் கட்டத்துக்கு வந்ததே பெரிது. போனைக் குறைப்பதோடு நின்றுவிடும் அறிவுரைகளில் விடுபடுவது இந்த இடம்தான்.

வெறுமனே உட்கார்ந்திருப்பது மனிதருக்குக் கடினம். 2014-ல் வெளியான வர்ஜீனியா பல்கலைக்கழகச் சோதனை ஒன்றில், வெற்று அறையில் 15 நிமிடம் தனியாக இருக்கச் சொன்னார்கள். பக்கத்தில் இலேசான மின் அதிர்ச்சி தரும் பொத்தான். இந்த அதிர்ச்சியைத் தவிர்க்கக் காசு கூடத் தருவோம் என்று முன்னரே சொன்னவர்களில் 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் அதைத் தாங்களே அழுத்திக்கொண்டார்கள். ஆகவே உங்கள் மனம் அலைவதில் புதுமை இல்லை. அதன் கையில் ஒரு கேள்வியைக் கொடுங்கள்.

எண்பது பக்க நோட்டு ஒன்று போதும். தினமும் பத்து நிமிடம், ஒரே நேரம், ஒரே இடம். இன்று எது மனத்தில் தங்கியது? அப்போது என்ன நடந்தது, என்ன உணர்ந்தேன்? அதனால் நாளை என்ன ஒன்றை வேறுவிதமாகச் செய்வேன்? "ஏன் நான் இப்படி?" என்று மட்டும் கேட்காதீர்கள், அந்தக் கேள்வி பெரும்பாலும் தன்னைத் தானே குற்றம் சாட்டுவதில் போய் முடியும். அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். நீளமாக எழுதத் தொடங்கியவர்கள் களைத்து விட்டுவிடுவார்கள்.

வாரம் ஒரு முறை நாற்பது நிமிடம் ஒதுக்கி, அந்த வாரத்தின் ஏழு பக்கங்களையும் படியுங்கள். சிந்தனையின் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது. ஒரு நாள் கோபம் அன்றைக்குப் பெரிதாகத் தெரியும். வாரத்தில் நான்கு நாள் ஒரே ஆளைப் பற்றியோ ஒரே பொழுதைப் பற்றியோ எழுதியிருக்கிறீர்கள் என்பது சேர்த்துப் படித்தால்தான் தெரியும். அதைப் பென்சிலால் வட்டமிட்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாக எடுத்தெழுதுங்கள். அதற்கு ஒரு செயலை, நாளும் நேரமும் போட்டு முடிவு செய்யுங்கள். "அண்ணனோடு பேச வேண்டும்" என்பது முடிவாகாது. "புதன் மாலை அண்ணன் வீட்டுக்குப் போய்க் காணிக் கதையைக் கேட்பேன்" என்பது முடிவு.

ஒரே விஷயம், ஒரே சொற்களில், பல நாளாக வருகிறதென்றால் அது சிந்தனை இல்லை; அரைத்த மாவையே அரைப்பது. அதற்கு வேறு கைமுறை உண்டு. 1986-ல் பென்னபேக்கர் என்ற உளவியலாளர் தொடங்கிவைத்த எழுத்துமுறை: தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் நிறுத்தாமல் எழுதுவது. எழுத்துப்பிழை பார்க்கக் கூடாது, யாருக்கும் காட்ட வேண்டியதில்லை, முடித்தபின் கிழித்தும் போடலாம். எழுதி முடித்த உடனே மனம் கனக்கும். அது எதிர்பார்க்கக் கூடியதே. படுக்கும் முன் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

போரிலும் இடப்பெயர்விலும் இழந்தவர்களின் நினைவு உங்கள் ஊரில் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. எழுதும்போது வருவது அப்படிப்பட்டதாக இருந்து, உடல் நடுங்கினாலோ தூக்கம் போனாலோ நோட்டை உடனே மூடிவிடுங்கள். அதைத் தனியாகச் சுமக்கக் கூடாது. பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் இருக்க வேண்டும். இலங்கையில் 1926, தமிழ்நாட்டில் டெலி மானஸ் 14416 ஆகிய மனநல உதவி எண்களில் அழைத்துப் பேசலாம்.

உட்கார்ந்து எழுதவே வரவில்லை என்றால் நடந்து பாருங்கள். போன் இல்லாமல், பழகிய வழியில், அரை மணி. சட்டைப் பையில் சின்னத் தாளும் பென்சிலும் இருக்கட்டும்.

முன்பு முந்நூறு பக்க நாவலை இரண்டு நாளில் முடிப்பேன். இப்போது மூன்று பக்கம் தாண்ட முடியவில்லை. மீளுமா?
– வாசகி, சிங்கப்பூர்

மீளும். போனை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். மேசையில் கவிழ்ந்து கிடந்தாலே கவனத்தை இழுக்கிறது என்று 2017-ல் ஒரு ஆய்வு சொன்னது. பிறகு செய்த எல்லாச் சோதனைகளிலும் அதே விளைவு வரவில்லை என்றாலும், எழுந்து போய் எடுக்க வேண்டும் என்ற தூரமே பாதித் தடை. முதல் வாரம் இருபது நிமிடம், பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018-ல் வந்த தொகுப்பாய்வின்படி, தகவல் சார்ந்த எழுத்து திரையை விடக் காகிதத்தில் நன்றாகப் புரிகிறது. கதைக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை. எனவே நாவலைக் கிண்டிலில் படித்தாலும் குறையில்லை, கட்டுரை நூல்களை அச்சில் வாங்குங்கள். தொடக்கத்துக்கு, முன்பு ரசித்துப் படித்த ஒரு நாவலையே மறுபடி எடுங்கள். புதிய நூல் ஐம்பது பக்கத்துக்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் மூடிவிட்டு அடுத்ததை எடுக்கலாம்.